புனலூரிலிருந்து திரும்பி வந்த பில்

செங்கோட்டையில் எங்களுக்கு நோட்டு, பேனா மொத்த வியாபாரம். முன்வாசலில் சில்லறையும் உண்டு. கல்லா அப்பாவுடையது, பில் என்னுடையது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது இரண்டு ராத்திரி உட்கார்ந்து எக்செல்லில் ஒரு பில் படிவம் செய்தேன். எட்டு வருஷமாக அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, அதனால் சரியாகத்தான் இருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

2025 நவம்பர் மூன்றாவது வாரம் புனலூர்க் கடைக்காரர் போன் செய்தார். எங்களிடம் பத்து வருஷமாகச் சரக்கு எடுப்பவர், சட்டென்று கோபப்படுகிற ஆள் இல்லை.

"தம்பி, ஒங்க பில்ல வெச்சுக்கிட்டு எங்க கணக்கர் தலையில அடிச்சுக்கிறார். அக்டோபர் பில்லு மூணும் 2பி-யில ஒட்டல. இப்ப வந்த 214-ஆம் நம்பரும் அதே கோலத்துலதான் இருக்கு. பணம் அனுப்பியாச்சு. பில்ல மட்டும் மாத்திக் குடுங்க."

2பி என்பது, விற்றவர் தாக்கல் செய்த விற்பனைக் கணக்கிலிருந்து மாதாமாதம் 14-ஆம் தேதி வாங்கியவர் கணக்கில் வந்து விழும் பட்டியல். அதில் இருக்கும் வரியைத்தான் வாங்கியவர் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியும். கையில் இருக்கும் பில்லும் அந்தப் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் கொடுத்த வரி அவருக்கு நஷ்டம். தப்பு எங்கள் பில்லில், அடி அவருக்கு.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் 214-ஆம் பில்லின் படம் வந்தது. சிவப்பு மையில் நாலு வட்டம். அந்தப் பில் இதுதான்: 192 பக்க நோட்டு 200, ஒன்று 32 ரூபாய். இரண்டு குயர் ரிஜிஸ்டர் 24, ஒன்று 85. பால்பாயின்ட் பேனா 20 பெட்டி, பெட்டி 120. ஜியாமெட்ரி பாக்ஸ் 30, ஒன்று 95. கூட்டினால் 13,690 ரூபாய். கீழே வரி 941.70, அதைச் சரிபாதியாக சி.ஜி.எஸ்.டி. (மத்திய வரி) 470.85, எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில வரி) 470.85 என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே 5 சதவீதத் தள்ளுபடி 684.50, பேக்கிங் மற்றும் லாரிக்கு 250. கடைசித் தொகை 14,197.

முதல் வட்டம் சி.ஜி.எஸ்.டி. மேல். புனலூர் கேரளா. மாநிலம் தாண்டிப் போகும் சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரிதான், மத்திய வரி, மாநில வரி என்று பிரிக்கக் கூடாது. "இந்தா இருக்கு புனலூரு, 50 கிலோமீட்டர்கூட சரியா இருக்காது, அதுக்கு வேற வரியா?" என்றார் அப்பா. அவர் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் செங்கோட்டையே அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. ஜி.எஸ்.டி.க்கு முன்னால் இதே புனலூர்க் கடைக்கு, வெளி மாநில விற்பனைக்கு வரி குறைய வாங்குபவர் தரும் சி ஃபார்மை வாங்கிக்கொண்டு 2 சதவீதம் போட்டதும், அந்த ஃபார்முக்காக வருஷக் கடைசியில் அலைந்ததும் அவர்தான். அதை ஞாபகப்படுத்தியதும் பேச்சை விட்டுவிட்டார்.

எட்டு வருஷம் இது எப்படித் தெரியாமல் போனது? ஆடிட்டர் ஆபீசில் கணக்கை ஏற்றும் பையனிடம் கேட்டபோதுதான் புரிந்தது. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் 32-இல் தொடங்கினால் ஜி.எஸ்.டி. போர்ட்டலே சேரும் இடம் கேரளா என்று எடுத்துக்கொண்டு ஐ.ஜி.எஸ்.டி. கட்டத்தைத்தான் திறந்து காட்டும். அவனும் எங்கள் இரண்டு பாதியையும் கூட்டி அந்த ஒரே கட்டத்தில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான். அதனால் அரசாங்கத்துக்கு வரி சரியான தலைப்பில் போய்விட்டது. தாள் மட்டும்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. தலைப்பே மாறிக் கட்டியிருந்தால், சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டுத் தப்பாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்திருக்கும். அந்த வகையில் அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

இரண்டாவது வட்டத்தைப் பார்த்ததும் டீயைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அது பில் எண் மேல். எங்கள் எண்ணில் கடைப் பெயரின் மூன்று எழுத்து, ஒரு சாய்கோடு, 2025-2026 என்று முழு வருஷம், இன்னொரு சாய்கோடு, நாலு இலக்கம். எண்ணிப் பார்த்தால் 18 எழுத்து. ஜி.எஸ்.டி. விதி 46 பில் எண்ணுக்கு 16 எழுத்துக்கு மேல் இடம் தரவில்லை. எழுத்து, எண், சிறுகோடு, சாய்கோடு மட்டும்தான் வரலாம். ஒரு நிதியாண்டுக்குள் ஒரு எண் ஒரு தடவைதான். போர்ட்டலில் 18 எழுத்து ஏறாது. பையன் என்ன செய்தான்? கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் டைப் அடித்திருக்கிறான். எங்கள் பில்லில் நீட்டு எண், 2பி-யில் வெறும் மூன்று இலக்கம். புனலூர்க் கணக்கர் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இப்போது இரண்டு எழுத்து, 25-26, நாலு இலக்கம், நடுவே சாய்கோடுகள் என்று 13 எழுத்தில் முடித்துவிட்டேன்.

மூன்றாவது வட்டம் தள்ளுபடி. நான்காவது பேக்கிங். இவை இரண்டும்தான் எனக்கு அதிக வேலை வைத்தன. வரியைப் போட்ட பிறகு தள்ளுபடியைக் கழித்திருந்தேன். விற்கும்போதே ஒப்புக்கொண்டு பில்லிலேயே காட்டும் தள்ளுபடி, சரக்கின் மதிப்பிலேயே கழிய வேண்டும், மிச்சத்துக்குத்தான் வரி. பேக்கிங், லாரி வாடகை இதற்கு நேர் எதிர். அவற்றை நாம் வசூலித்தால் அவையும் சரக்கின் மதிப்பில் சேரும், வரியும் உண்டு. நான் தள்ளுபடிக்கும் வரி வாங்கியிருந்தேன், லாரிக்கு வரி வாங்காமல் விட்டிருந்தேன். லாரி வாடகையை வாங்குபவரே இறக்கும் இடத்தில் கொடுத்துக்கொள்வதாக இருந்தால் நம் பில்லில் அதை எழுதவே வேண்டாம்.

வட்டம் போடாத ஐந்தாவது தப்பு ஒன்றை நானே கண்டுபிடித்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுக்கு வரி இல்லை, அதற்கு முன் 12 சதவீதம். பென்சில், ரப்பர், ஷார்ப்னரும் அப்படியே வரியில்லாப் பக்கம் போய்விட்டன. ஜியாமெட்ரி பாக்ஸ் 12-லிருந்து 5. பேனா பழையபடி 18. வரிவிலக்குச் சரக்கை 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்ற தலைப்பின் கீழ் எழுதக் கூடாது, அதற்கு 'பில் ஆஃப் சப்ளை' என்று தனித் தாள். கலந்து வாங்கினால் 'இன்வாய்ஸ் கம் பில் ஆஃப் சப்ளை' என்று ஒரே தாளில் போட ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்கு விற்கும்போது மட்டும். புனலூர்க் கடை பதிவு உள்ளது. ஆக அவருக்கு இரண்டு பில்.

படிவத்தை ஒட்டுப்போட்டால் ஆகாது என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் புதிதாகத் தொடங்கினேன்.

முதலில் சரக்குப் பட்டியலுக்குத் தனி ஷீட். சரக்குப் பெயர், எச்.எஸ்.என். (சரக்கு வகைக்கான எண்), அலகு, வரி சதவீதம், அந்தச் சதவீதம் எந்தத் தேதியிலிருந்து. எங்கள் வருஷ விற்பனை 5 கோடிக்குள், அதனால் எச்.எஸ்.என். நாலு இலக்கம் போதும். பதிவு உள்ளவர்களுக்குப் போடும் பில்லில் அது கட்டாயம். முதலில் இந்த எச்.எஸ்.என். எண்ணை வைத்தே வரியை எடுக்கும்படி எழுதினேன். எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று இந்தக் கடைக்காரனுக்குத்தான் தெரியும்: நோட்டும் 4820, ரிஜிஸ்டரும் 4820. பிள்ளைகள் எழுதும் நோட்டுக்கு வரி இல்லை, கணக்கு எழுதும் ரிஜிஸ்டருக்கு 18. பேனாவுக்கும் பேப்பருக்கும் வேறு வேறு வரி என்றால் பரவாயில்லை, இங்கே ஒரே எண்ணில் இரண்டு வரி. எனவே வரி சரக்குப் பெயரைப் பிடித்துத்தான் வர வேண்டும், எண்ணைப் பிடித்து அல்ல.

தேதிக் கட்டம் எதற்கு என்றால், ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற நோட்டு மழையில் நனைந்து திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் (பழைய பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் தாள்) அதே 12-இல்தான் போக வேண்டும். இன்றைய வரியைப் போட்டால் கணக்கு இடிக்கும். (செப்டம்பர் 21 ராத்திரி கையிருப்பில் இருந்த நோட்டுக்கு நாங்கள் முன்பு எடுத்துக்கொண்ட வரியைத் திருப்பிக் கட்டினோமே, அது தனி அழுகை. ஆடிட்டர் சார் பார்த்துக்கொண்டார்.)

அடுத்தது மாநிலம். வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாடு 33, கேரளா 32. லெஃப்ட் ஃபார்முலாவால் அந்த இரண்டை வெட்டி, 33 என்றால் இரண்டு வரி, இல்லையென்றால் ஐ.ஜி.எஸ்.டி. என்று எழுதினேன். சோதித்துப் பார்த்தால் தென்காசிக் கடைக்கும் ஐ.ஜி.எஸ்.டி., கடையநல்லூருக்கும் ஐ.ஜி.எஸ்.டி. அரை மணி நேரம் முழித்தேன். லெஃப்ட் வெட்டித் தருவது எழுத்தாக வரும் 33. நான் ஒப்பிட்டது எண்ணாக இருக்கும் 33-ஓடு. எக்செல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஃபார்முலாவில் 33-ஐ மேற்கோளுக்குள் போட்டதும் சரியானது.

ஆனால் முழுக்க இந்த இரண்டு இலக்கத்தை நம்பியும் விட முடியாது. பதிவு இல்லாதவருக்கு எண்ணே கிடையாது. கேரளப் பக்கத்து ஆரியங்காவுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாங்கிப்போகிறார்கள். பில்லில் கேரளா என்று மாநிலப் பெயர் இருந்தால் அது கேரள விற்பனை, எழுதவில்லையென்றால் எங்கள் கடை இருக்கும் இடம்தான் கணக்கு. அதனால் மாநிலத்துக்குத் தனிக் கட்டம் வைத்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்தேன். எண் இருந்தால் தானாக நிரம்பும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. புனலூர்க்காரர் சில சமயம், "நம்ம பேருக்குப் பில்லப் போட்டு, சரக்கத் தென்காசி ஸ்கூல்ல எறக்கிருங்க" என்பார். சரக்கு எல்லையில் இருக்கும் புளியரை பக்கமே போகாது, ஆனாலும் ஐ.ஜி.எஸ்.டி.தான். இறக்கச் சொன்னவரின் ஊர்தான் சேரும் இடமாகக் கொள்ளப்படும். இறக்கும் முகவரியைத் தனியாக அச்சடிக்கவும் வேண்டும், அதற்கும் ஒரு கட்டம்.

ஜி.எஸ்.டி. எண்ணை அடிப்பதில் வரும் தப்புக்கு ஒரு காவல் வைத்தேன். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எண்ணில் 15 இடம். முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து பான் எண், பதிமூன்றாவது அந்தப் பான் எண்ணுக்கு அந்த மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது, பதினான்காவது பெரும்பாலும் இசட், பதினைந்தாவது சரிபார்க்கும் எழுத்து. முதல் பதினான்கையும் எண்ணாக்க வேண்டும்: 0 முதல் 9 வரை அப்படியே, ஏ என்றால் 10, பி 11, இப்படி இசட் 35. இடத்துக்கு இடம் 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்கி, வரும் ஒவ்வொன்றையும் 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி மறுபடி 36-ஆல் வகுத்து, மீதியை 36-லிருந்து கழித்தால் வருவதுதான் பதினைந்தாவது எழுத்து. மீதி இல்லையென்றால் அது பூஜ்யம். பதினான்கு கட்டங்களில் இதை எழுதி மறைத்துவைத்து, ஒட்டவில்லையென்றால் எண் சிவப்பாக மாறும்படி செய்தேன். பழைய வாடிக்கையாளர் பட்டியலை அதில் ஓட்டினேன். ஒரு பேர் சிவந்தது. பான் எண்ணின் இலக்கம் வர வேண்டிய இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து ஓ உட்கார்ந்திருந்தது. நான் அடித்ததுதான்.

இனிக் கணக்கு. 214-ஐயே புதுப் படிவத்தில் போட்டேன். 5 சதவீதத்தை ஒவ்வொரு சரக்கிலும் கழித்தால் நோட்டு 6,080, ரிஜிஸ்டர் 1,938, பேனா 2,280, ஜியாமெட்ரி பாக்ஸ் 2,707.50. கூட்டினால் 13,005.50. பேக்கிங், லாரி 250-ஐ இந்த மதிப்புகளின் விகிதத்தில் பிரித்தேன்: 116.87, 37.25, 43.83, 52.05. நோட்டின் பங்கு நோட்டோடு வரியில்லாத் தாளுக்குப் போய்விடும். மற்ற மூன்றும் டாக்ஸ் இன்வாய்ஸில்:

ரிஜிஸ்டர், 1,975.25, 18 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 355.55
பேனா, 2,323.83, 18 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 418.29
ஜியாமெட்ரி பாக்ஸ், 2,759.55, 5 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 137.98

வரிக்குரிய மதிப்பு 7,058.63, வரி 911.82, மொத்தம் 7,970.45. பழைய பில்லில் வரி 941.70 அல்லவா? 29 ரூபாய் 88 காசு கூடுதலாக வாங்கியிருக்கிறேன். ஒரு பில்லில் டீக்காசுதான். எட்டு வருஷப் பில்லை நினைத்துப் பார்க்க மனசு வரவில்லை.

இங்கே ஒரு காசுச் சண்டை. 18 சதவீதச் சரக்கு இரண்டையும் முதலில் கூட்டி வரி போட்டால் 773.83. தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் 773.84. எது என்பதைவிட, எங்கும் ஒரே முறை என்பது முக்கியம். நான் சரக்குக்குச் சரக்கு ரவுண்ட் ஃபார்முலா போட்டு இரண்டு தசமத்தில் நிறுத்தினேன். கட்டத்தை இரண்டு தசமம் காட்டும்படி வைத்தால் போதாது. கண்ணுக்கு 355.55 தெரியும், உள்ளே 355.545 இருக்கும், கூட்டும்போது அச்சில் இருப்பது வேறு, தொகை வேறு. உள்ளூர்ப் பில்லில் இன்னொரு பொறி. 18 போட்டுப் பாதியாக்கக் கூடாது. 355.55-ஐ எப்படிப் பாதியாக்குவது? ஒன்பது ஒன்பதாகத் தனித்தனியே போட்டால் 177.77, 177.77. இரண்டும் சமமாக இருக்கும், மொத்தம் 355.54 ஆகும். ஆக அதே ரிஜிஸ்டர் தென்காசிக்குப் போனால் ஒரு காசு குறைவு. இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் ரூபாய்க்கு முழுமையாக்குவதைத் தனிக் கட்டத்தில் காட்டினேன். டாக்ஸ் இன்வாய்ஸில் 45 காசு கழிந்து 7,970. பில் ஆஃப் சப்ளையில் 6,196.87, 13 காசு கூடி 6,197. இந்தச் சில்லறையை வரித் தொகைக்குள் ஒளித்துவைக்கக் கூடாது, வரிக் கட்டம் தொடப்படாமல் இருக்க வேண்டும்.

மிச்சமெல்லாம் அச்சு வேலை. வாங்குபவர் பேர், முகவரி, எண். சேரும் இடம்: கேரளா, 32. 'ரிவர்ஸ் சார்ஜ் (வரியை வாங்குபவரே கட்டும் முறை): இல்லை' என்று ஒரு குறிப்பு. கையெழுத்துக்கு இடம். சரக்குக்கான பில் மூன்று பிரதி: ஒரிஜினல் வாங்குபவருக்கு, டூப்ளிகேட் லாரிக்கு, ட்ரிப்ளிகேட் நமக்கு. அந்த வார்த்தைகள் தாளின் மேலேயே இருக்க வேண்டும். முன்பு ஒரே தாளை மூன்று தடவை அடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். முன்வாசல் சில்லறைக்குப் பதிவில்லாதவர்களுக்கான கலப்புத் தாளையே வைத்துவிட்டேன். 200 ரூபாய்க்குக் கீழே வாங்கும் பிள்ளைகள் பில் கேட்காவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ராத்திரி அன்றைக்கு விற்றதற்கெல்லாம் சேர்த்து ஒரு பில் போட்டால் போதும்.

ஆடிட்டர் சாரிடம் இரண்டு மாதப் பில்லையும் கொண்டுபோனேன். நவம்பர்க் கணக்கு இன்னும் தாக்கலாகாததால் 214-ஐ ரத்து செய்து புது எண்ணில் இரண்டு பில் போடச் சொன்னார். ரத்தான தாளைக் கிழித்துப் போடக் கூடாது, குறுக்கே கோடிட்டு ஃபைலில் வைக்க வேண்டும். விற்பனைக் கணக்கில் ரத்தான எண்கள் எத்தனை என்று கேட்கும் இடம் இருக்கிறது. அக்டோபர் பில் மூன்றுக்கும் முழுத் தொகைக்குக் கிரெடிட் நோட்டு, பழைய பில் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு. பிறகு புதுப் பில். "பையன்கிட்ட இனிமே பில்லில் இருக்கிற எண்ணை அப்படியே அடிக்கச் சொல்லுங்க சார்" என்றேன். "நீங்க அடிக்கிற மாதிரி எண் குடுங்க" என்றார்.

டிசம்பர் 14 தாண்டி இரண்டு நாள் கழித்துப் புனலூரிலிருந்து "ஒட்டிருச்சு" என்று ஒரே வார்த்தையில் செய்தி வந்தது. கூடவே நாற்பது டஜன் நோட்டுக்கு ஆர்டர். கீழே கணக்கர் சார்பில் ஒரு கேள்வி: பழைய பில்லுக்கு 14,197 அனுப்பினோம், புது பில் இரண்டும் சேர்த்து 14,167தானே, அந்த 30 ரூபாய்?

அடுத்த பில்லில் கழித்துவிடு என்றார் அப்பா. பில்லில் கழித்தால் அது தள்ளுபடியாகி மறுபடி வரிக் கணக்கைத் தொடும். அதனால் பேரேட்டில் அவர் பேரில் 30 ரூபாய் வரவு வைத்து, அடுத்த பில் பணத்தில் குறைத்து அனுப்பச் சொல்லிவிட்டேன்.